விரல் இடறும் கண்ணாடி

1. காலை ஏழு மணி போன்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். ஈஸ்வரன் போனில் வந்தான்.

"அண்ணே, வண்டிய செவுத்துல உரசிட்டேன்ணே."

"எங்கன?"

"கம்பம்மெட்டுல. மேல ஏறுறப்ப. லூர்தக்காவுக்குக் கை போச்சுண்ணே. கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டோம்." போனை வைத்துவிட்டான்.

தேனியில் கம்பம் ரோட்டில் முப்பத்தொரு வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ஈஸ்வரன் கோம்பைக்காரன். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் விடியற்காலை மலையேறி, சாயங்காலம் இறக்கிவிடும் வேனின் டிரைவர். அவன் ஓட்டிய வண்டிகளுக்கெல்லாம் வயரிங் பார்த்தது நான்தான். பைக்கை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க மழை ஈரம். நடந்ததைக் கேட்டேன்.

ஆனி மாதத்து மழை. பதினெட்டுப் பெண்கள், பதினெட்டு ஈரக் குடைகள். எல்லோருடைய மூச்சும் சேர்ந்து முன் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஆவியை ஊதித் துடைக்கும் டிமிஸ்டரைப் போட வேண்டும். அந்த வண்டியில் டிமிஸ்டருக்குக் குமிழ் கிடையாது, டாஷ்போர்டு நடுவில் இருக்கும் டச் பேனலில்தான் அது இருந்தது. பேனல் ரேடியோ பக்கத்தில் நின்றிருக்கிறது. ஒரு முறை தொட்டுப் பக்கத்தை மாற்றி, இன்னொரு முறை தொட்டு டிமிஸ்டரைப் போட வேண்டும். கண்ணாடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வழவழவென்று இருப்பதால் பார்க்காமல் தொட முடியாது. ஈஸ்வரன் குனிந்து பார்த்திருக்கிறான்.

"ஒரு நிமிசங்கூட இல்லண்ணே. இப்பிடிக் கீழ பாத்துட்டு நிமிந்தேன். செவுரு வந்துருச்சு."

வண்டியின் இடது பக்கம் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உரசி, ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த லூர்தம்மாளின் இடது மணிக்கட்டு உடைந்தது. அந்தச் சுவர் இல்லாத இடமும் அதே வளைவில் இருக்கிறது.

என் தப்பு என்று அவனிடம் நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றும் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வண்டியின் ஓனர் என் கடைக்கு வந்து, "ஒரு மாடல்ல குமிழு இருக்கு, இன்னொண்ணுல எல்லாமே கண்ணாடியில இருக்கு. எத எடுக்கலாம்?" என்று கேட்டார். "கண்ணாடியே எடுங்க. வயரு கம்மி, லூஸ் கான்டாக்ட் வராது" என்றேன். எனக்கு ரிப்பேர் தொல்லை குறையும் என்பதை நினைத்தே சொன்னேன். பக்கத்தில் நின்ற ஈஸ்வரன், "எனக்குக் குமிழே போதும்ணே, கைக்குத் தெரியும்ல" என்றான். நான் சிரித்துவிட்டு, "காலம் மாறிருச்சுப்பா" என்றேன்.

2. உன்னாலதான்

ஈஸ்வரன் ஓனரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வேறு டிரைவர் வந்தார். இரண்டு வாரம் இவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோம்பைக்குப் போனேன். நான் போய்க் கொஞ்ச நேரத்தில் லூர்தம்மாளும் வந்துவிட்டார். ராயப்பன்பட்டிக்காரர், ஐம்பது வயது இருக்கும். பூசை முடித்து நேராக வந்திருக்கிறார். கையில் மாவுக்கட்டு, கழுத்தில் தொங்கும் தூளி. ஈஸ்வரன் எழுந்து நின்றான், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி வண்டிக்கு வரல?"

"என்னாலதானக்கா உங்க கை..."

"ஆமா, உன்னாலதான். இல்லைன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?" என்றார் லூர்தம்மாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஒம்பது வருசமா ஏத்தி எறக்குன. ஒரு நா உரசிருச்சு. இப்ப வந்துருக்குற டிரைவரு வளைவுலயும் செல்லுல பேசிக்கிட்டே வர்றாகளாம். பிள்ளைக சொல்லுதுக. நாங்க ஆர நம்பி மலையேறுறது?"

"அந்தக் கண்ணாடியப் பாத்தாலே அந்தச் செவுரு ஞாபகம் வருதுக்கா. அதத் தொடணும்னா குனியணும்."

"நீ குனியாத. நான் முன் சீட்டுல உக்காந்து அமுக்குறேன். ரோட்ட மட்டும் பாரு."

ஈஸ்வரன் அழுதுவிட்டான். நான் வெளியே போய்ச் செருப்பை மாட்டுவதுபோல நின்றேன்.

அடுத்த வாரமே அவன் வண்டியை எடுத்தான். லூர்தம்மாள் கட்டுப் பிரிக்கும் முன்பே மலையேறினார். தோட்டத்தில் ஸ்டோரில் உட்கார்ந்து ஒரு கையால் காய் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். வண்டியில் முன் சீட்டு அவருடையது. ஈஸ்வரன், "அக்கா, ஊது" என்றால் டிமிஸ்டர். "அக்கா, வெளக்கு" என்றால் பனி விளக்கு. "அக்கா, நாலும்" என்றால் நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்கும் ஹசார்ட். பேனலின் பக்கங்களை அவர் என்னைவிட வேகமாக மாற்றினார்.

ஒரு நாள் சும்மா அந்த வண்டியில் ஏறிப் போனேன். பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். லூர்தம்மாள் மட்டும் பேச்சில் சேரவில்லை. ஈஸ்வரனின் வாயையும் பேனலையும் மாறி மாறிப் பார்த்தபடியே மலை முழுக்க வந்தார். ஒரு மனுஷி உட்கார்ந்து ஸ்விட்ச் வேலை பார்க்கும்படியான வண்டியை நான் வாங்கச் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

தனியாக ஒரு டாகிள் ஸ்விட்ச் போட்டுவிடலாம் என்று வண்டியைத் திறந்து பார்த்தேன். அந்த மாடலில் பேனலில் இருந்து டிமிஸ்டருக்குத் தனி வயர் போகவில்லை. எல்லாச் செய்தியும் கேன் லைன் என்கிற ஒரே ஜோடி வயரில் போனது. இடையில் வெட்டிச் சேர்த்தால் வாரண்டி போய்விடும் என்று ஓனர் மறுத்துவிட்டார்.

3. ஷர்மிளா கொண்டுவந்த கண்ணாடி

எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் போடும் ஏஜெண்ட் ஒரு தகவல் சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி விரலுக்குத் தட்டுப்படும் டச் பேனல் செய்கிறது, சோதனை ஓட்டத்துக்கு மலைப்பாதை வண்டி ஒன்றைத் தேடுகிறார்கள் என்று. அன்றைக்கே போன் செய்தேன். பத்து நாளில் அவர்களுடைய இன்ஜினியர் ஷர்மிளா என் கடைக்கு வந்தார். வண்டிக் கம்பெனியிடம் அனுமதிக் கடிதமும் வாங்கி வந்திருந்தார்.

பையிலிருந்து ஸ்பாஞ்ச் சுற்றிய ஒரு கண்ணாடியை எடுத்து பெஞ்சில் வைத்து பேட்டரி கொடுத்தார்.

"கண்ண மூடிக்கிட்டு, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் விரல ஓட்டுங்க சார்."

ஓட்டினேன். எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போன விரல் ஓர் இடத்தில் இடறியது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. நகத்தால் சுரண்டினேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"உள்ள மோட்டாரு வச்சிருக்கீகளா? செல்லு அதிருமே, அது மாதிரி?"

"இல்லைங்க சார். அப்படி வச்சா வண்டி அதிர்றதுல எது எதுன்னு தெரியாது." கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். ஓரங்களில் தீக்குச்சி அளவில் வெள்ளை வெள்ளையாகச் சில துண்டுகள் ஒட்டியிருந்தன. "இதெல்லாம் பீசோ. கரண்ட் கொடுத்தா விரிஞ்சு சுருங்கும். நொடிக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல. அந்த வேகத்துல கண்ணாடியும் சேர்ந்து அதிரும். நம்ம காதுக்குக் கேட்காது, கண்ணுக்கும் தெரியாது. அல்ட்ராசோனிக்."

கண்ணாடி மேலும் கீழும் அசைவது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராதாம். ஆனால் அந்த அசைவு விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய காற்றை நிறுத்திவைக்கும். அதனால் விரல் வழுக்கும். பட்டன் இருக்கிற இடத்துக்கு விரல் வந்ததும் அதிர்வை நிறுத்திவிடுவார்கள். காற்று போய்விடும், விரல் கண்ணாடியைப் பிடிக்கும்.

"அப்ப அந்த எடறுறது?"

"அது சாதாரணக் கண்ணாடி சார். வழுக்கறது மட்டுந்தான் நாங்க செய்யறது."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். முப்பது வருடத்தில் இப்படி ஒரு ஸ்விட்சை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சூடு, தூசி, பன்னிரண்டு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் போர்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிலவற்றுக்கு ஷர்மிளா பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "தெரியலைங்க சார். அதுக்குத்தான் இங்க வந்திருக்கோம்" என்றார். அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்தது.

4. குத்துகிற விரல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடை முற்றத்தில் வேனை நிறுத்திப் பேனலின் கண்ணாடியை மாற்றினோம். ஈஸ்வரன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ரோட்டைப் பார்ப்பதுபோல நேராகப் பார்த்தான். கையை நீட்டி விரலால் ஒரு குத்து குத்தினான். மறுபடியும் குத்தினான்.

"ஒண்ணுந் தெரியலண்ணே. பழைய கண்ணாடிதான் இது."

ஷர்மிளாவின் முகம் சுருங்கிவிட்டது. விரல் நகரும்போதுதான் வழுக்குவதும் இடறுவதும் தெரியும். ஒரே இடத்தில் குத்தினால் ஒன்றும் தெரியாது. ஆபீசில் சோதித்தவர்கள் எல்லோரும், 'ஓட்டுங்க' என்று சொன்னதால் ஓட்டியிருக்கிறார்கள். பதினைந்து வருடம் குமிழும் ஸ்விட்சும் பழகிய டிரைவர் எவனும் விரலை ஓட்டமாட்டான்.

கூட வந்திருந்த லூர்தம்மாள், "நான் பாக்கட்டா?" என்றார். கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வலது கை விரலை ஓட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "எனக்கும் தெரியல தாயி."

ஷர்மிளா பெட்டியை மூட ஆரம்பித்தார். அப்போது லூர்தம்மாள் என்ன நினைத்தாரோ, இடது கையை எடுத்து ஓட்டினார்.

"ஆத்தாடி!" விரலை வெடுக்கென்று எடுத்தார். மறுபடியும் வைத்தார். "சேலையில கரை வந்த மாதிரி இருக்கு. இந்தா, இங்கன. இந்தா, இன்னொண்ணு."

எனக்குப் புரியவில்லை. ஷர்மிளா அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளில் வாங்கிக்கொண்டார். வலது கை விரல் நுனிகளில் தோல் காய்த்து, ஏலச்செடிக் கறை ஏறிக் கிடந்தது. இடது கை ஆறு வாரம் கட்டுக்குள் வேலையில்லாமல் இருந்ததில் நுனிகள் சிவந்து மெத்தென்று ஆகியிருந்தன. ஷர்மிளா அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தன் விரலோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையை விடவில்லை.

"நாங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டற விரலுக்குத்தான் இத செட் பண்ணியிருக்கோம்மா" என்றார்.

"அதுக்கு நீ ஏன் தாயி மொகத்தத் தொங்கப் போடுற? என் கையிக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கொடு."

அன்று சாயங்காலம் வரை அதைத்தான் செய்தோம். லூர்தம்மாளின் வலது கைதான் அளவு. அதற்குத் தெரிகிற வரை அதிர்வைக் கூட்டினோம். பக்கங்களையெல்லாம் தூக்கிவிட்டு மூன்றே மூன்று அகலமான இடங்கள் வைத்தோம். டிரைவர் பக்க ஓரத்திலிருந்து விரலை ஓட்டினால் முதல் இடறல் டிமிஸ்டர், இரண்டாவது பனி விளக்கு, மூன்றாவது ஹசார்ட். இடறிய இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் அழுத்தினால் வேலை செய்யும். அழுத்தாமல் கடந்து போனால் ஒன்றும் ஆகாது.

ஈஸ்வரன் கண்ணை மூடிப் பழகினான். லூர்தம்மாள் பக்கத்து சீட்டிலிருந்து, "ஊது... வெளக்கு... மறுபடி ஊது... நாலும்" என்று மாற்றி மாற்றிக் கேட்டார். முதலில் பத்துக்கு நாலு தப்பு. பொழுது சாயும்போது தப்பே இல்லை. "இவன் பள்ளிக்கூடத்துல இப்பிடிப் படிச்சிருந்தா கலெக்டராகியிருப்பான்" என்றார். விபத்துக்குப் பிறகு ஈஸ்வரன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

5. செவலை வண்டிக்கு அடியில் படுக்கவில்லை

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு இரண்டு நாள் காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்யும் வண்டி இல்லை அது. பெண்களுக்கு இரண்டு நாள் வேலை பிந்தியது. நான் கோம்பைக்குப் போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி நல்ல பேட்டரி. எதுவோ கரண்டைக் குடிக்கிறது, எது என்று தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும்போது ஈஸ்வரன் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு கோம்பை நாய் உண்டு. செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி, பெயர் செவலை. "வண்டி வந்து நின்னா அடியிலதாண்ணே படுக்கும். இந்த ஒரு வாரமா கிட்டயே வரமாட்டேங்குது. வேப்பமரத்துக்கு அங்கிட்டுப் போய் உக்காந்து மொனகுது. உரசுன வண்டின்னு அதுக்கும் பயமாண்ணே?"

"நாய்க்கு என்னப்பா தெரியும்?" என்றேன். மீட்டர் ரீடிங் சொல்வதற்காக ஷர்மிளாவுக்குப் போன் போட்டபோது, பேச்சுவாக்கில் நாயைப் பற்றியும் சொன்னேன்.

நாய்ப் பேச்சு வந்ததும் ஷர்மிளா என்னை இடைமறித்தார்.

"சார், வண்டி சாவி ஆஃப்லதானே இருக்கு?"

"ஆமா. காலையிலருந்து ஆஃப்தான்."

"நாய் இப்பவும் தள்ளித்தான் உட்கார்ந்திருக்குதுங்களா? எங்க போர்டோட ஃப்யூசப் புடுங்கிட்டு அது என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

ஃப்யூசைப் பிடுங்கினேன். வேப்பமரத்தடியில் செவலையின் காது நிமிர்ந்தது. எழுந்து வந்தது. வண்டியை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு அடியில் போய் வாலைச் சுருட்டிப் படுத்துக்கொண்டது. ஃப்யூசைச் செருகினேன். பட்டென்று எழுந்து மரத்துக்கே ஓடிவிட்டது.

மனிதக் காதுக்குத்தான் அந்த அதிர்வு கேட்காது. நாய்க்குக் கேட்கும். சாவியை எடுத்த பிறகும் போர்டு தூங்கப் போகாமல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி இறங்கியது அதனால்தான். ஷர்மிளா மறுநாளே வந்து சாஃப்ட்வேரை மாற்றினார். விரல் கண்ணாடியைத் தொட்டால் மட்டும் அதிரும், விரலை எடுத்தால் நின்றுவிடும். வேலை முடிந்ததும் மீட்டரை எடுக்கும் முன், "அவர்கிட்ட காட்டிருவோம் சார்" என்று செவலையைக் கைகாட்டினார். அது வந்து அடியில் படுத்தது. பிறகுதான் மீட்டர் வைத்தோம்.

'நாய்க்கு என்ன தெரியும்' என்று கேட்ட வாயை நான் மூடிக்கொண்டேன். ஈஸ்வரன் பெரிய மனதுக்காரன், அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

6. ஈரம்

மலை மேல் இன்னொரு பிரச்சினை இருந்தது. பனிமூட்டத்தில் கை ஈரமாகிவிடும். ஜன்னல் வழியாகச் சாரல் வரும், ஸ்டியரிங் பிசுபிசுக்கும். விரலில் தண்ணீர் இருந்தால் நடுவே காற்று நிற்பதற்கு இடமில்லை. கண்ணாடி முழுக்க ஒரே மாதிரி ஆகிவிடும். டிமிஸ்டர் எப்போது மிகவும் தேவையோ, அப்போதுதான் விரலுக்கு ஒன்றும் தெரியாமல் போனது.

ஷர்மிளா கண்ணாடிக்குப் பூச்சு ஒன்று போட்டுப் பார்த்தார். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஈஸ்வரன் தோளில் துண்டு போட்டுக்கொண்டான். அதில் கை துடைப்பதற்கு ஸ்டியரிங்கை இன்னும் அதிக நேரம் விட வேண்டியிருந்தது. லூர்தம்மாள் மறுபடியும் முன் சீட்டில் விரலை நீட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்தார். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஈஸ்வரன் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினான். பேனலின் டிரைவர் பக்க ஓரத்தில், விரல் தொடங்கும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்த துண்டுத் துணிப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. சுற்றிலும் நெருக்கமாகக் கைத்தையல்.

"லூர்தக்கா தச்சுக் கொண்டாந்தாக. கைய இதுல தேச்சுக்கிட்டே கண்ணாடிக்குப் போன்னு சொன்னாக. அதுவும் ஆச்சு, எங்கன ஆரம்பிக்கணும்னு தேடவும் வேணாம்ணே."

நான் விரலை நனைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். துணியில் தேய்ந்து, கண்ணாடியில் ஏறி, வழுக்கி, முதல் இடத்தில் இடறியது. போட்டோ எடுத்து ஷர்மிளாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"நூல் பிரியாதுங்களா சார்?"

"பிரிஞ்சா வேற தச்சுத் தருவாகளாம்."

"அந்தம்மாகிட்ட போனக் கொடுக்க முடியுமா?"

அன்று சாயங்காலம் அவர்கள் இருவரும் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த டிசைனில் கண்ணாடி ஓரத்தில் துணிப் பட்டை இருந்தது.

7. ஐப்பசி

இறுதி ரிப்போர்ட்டுக்காக ஷர்மிளாவும் நானும் அந்த வண்டியில் ஏறினோம். ஐப்பசி மழை. ஷர்மிளா டிரைவரின் கண்ணைப் பார்க்கும்படி ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தார். ஒவ்வொரு முறையும் அவன் கண் ரோட்டை விட்டு எத்தனை நேரம் விலகுகிறது என்று அது கணக்கெடுக்கும். எனக்குப் பின்னால் பெண்கள் டிபன் பாக்ஸ்களோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் வழக்கம்போல லூர்தம்மாள்.

பாதி மலை ஏறியதும் மூட்டம் இறங்கியது. எதிரே இரண்டு ஆள் தூரம்தான் தெரிந்தது. முன் கண்ணாடியில் ஆவி ஏறத் தொடங்கியது. வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஆனி மாதம் உரசிய சுவர் இருக்கும் வளைவு வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்வரன் யாரையும் கூப்பிடவில்லை. இடது கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கியது. துணியில் ஒரு தேய்ப்பு. விரல் கண்ணாடியில் ஓடி நின்றது. ஊதும் சத்தம் வந்தது. விரல் இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது. பனி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. கை ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது. இவ்வளவுக்கும் அவன் தலை அசையவில்லை. முன் கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தது. வளைவு வந்தது, போனது.

ஷர்மிளா கேமரா எண்ணைக் குறித்துக்கொண்டே, "லூர்தம்மாவக் கேக்கணும் சார், எப்படி இருந்ததுன்னு" என்றார். முன்னால் எட்டிப் பார்த்தார்.

லூர்தம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

பின்னால் இருந்த ஒரு பெண், "ஏ லூர்தக்கா, எந்திரி, வளைவு தாண்டிருச்சு" என்று எழுப்பப் பார்த்தாள். ஈஸ்வரன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "சத்தம் போடாதீக. தூங்கட்டும். நாலு மாசமா என் கூடவே முழிச்சிருக்காக" என்றான். தோட்டம் வரும் வரை அந்த வண்டியில் யாரும் பேசவில்லை. ஷர்மிளா தன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

ரிப்போர்ட் படிவத்தில் எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. 'பயன்படுத்துவோருக்கு நம்பிக்கை ஏற்பட்டதா? எப்படி அறிந்தீர்கள்?' என்று ஒரு கேள்வி. நான் எழுதியது: 'முன் சீட்டில் இருந்த பயணி வளைவில் தூங்கினார்.' ஷர்மிளா அதை மாற்றாமல் அப்படியே அனுப்பினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வண்டியில் எதையாவது மாற்றச் சொன்னால், அதை ஓட்டப் போகிறவன் கையைக் கேளுங்கள். குமிழே போதும் என்று அவன் சொன்னால் சிரிக்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள். பின்னால் உட்கார்ந்து போகிறவர்களையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தது என்று மீட்டர் சொன்னால் போதாது. அந்த வண்டியில் ஒரு நாள் நீங்களும் ஏறிப் போய்விட்டு வாருங்கள்.

ஓனரிடம் நான் சொன்ன யோசனைக்காக ஈஸ்வரனிடம் அன்று தோட்டத்து வாசலில்தான் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டேன். அவன் டயரை எட்டி உதைத்துப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கே தெரியும்ணே, நானுந்தான கூட நின்னேன்" என்றான். பிறகு மெதுவாகக் கதவைத் திறந்து, "அக்கா, தோட்டம் வந்துருச்சு" என்று லூர்தம்மாளை எழுப்பினான்.